பிரெட் உப்பவில்லை, சூப் சரியில்லை: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது?

வாரத்தில் ஒரு நாள் இரவு எங்கள் வீட்டில் சூப்பும் வீட்டிலேயே சுட்ட பிரெட்டும்தான் சாப்பாடு. பல வருடப் பழக்கம். சூடான பிரெட்டைப் பிட்டு ஒருவர் அடுத்தவருக்குக் கொடுப்பதும், சின்னவர்கள் கிண்ணத்தின் அடியைப் பிரெட்டால் துடைத்துச் சாப்பிடுவதும் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகள். இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டிலும் தொடங்கிய உறவினர்கள், மாலை ஆறு மணிவாக்கில் எனக்கு ஃபோன் செய்வார்கள். "சித்தி, மாவு வச்சது வச்ச மாதிரியே இருக்கு", "அக்கா, சூப் உப்புக் கரிக்குது, பிள்ளைங்க பசியோட உக்காந்திருக்காங்க." கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பதில்களும் அப்படியே. அவற்றை இங்கே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு வந்திருக்கும் கோளாறின் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில். வரிசை மாறாமல் பாருங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஈஸ்ட்டையும் மாவையும் ஓவன் சூட்டையும் ஒரே நாளில் மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்: மைதா 500 கிராம், தண்ணீர் 310 முதல் 325 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 முதல் 6 கிராம். உங்கள் அளவு இதைவிட வெகுவாக விலகியிருந்தால், கோளாறைத் தேடும் முன் அளவைச் சரிசெய்யுங்கள். கப்பால் அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே கப்பில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம் பிடிக்கும், அமுக்கி நிரப்பினால் 150 கிராமைத் தொடும். நான்கு கப்பில் இந்த வித்தியாசமே 120 கிராம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் கீழே உள்ள கோளாறுகளில் பாதி தானாகவே போய்விடும்.

## பிரெட்

### மாவு உப்பவே இல்லை

நேரம் ஆகவில்லை. அடிக்கடி நடப்பது இதுதான். "ஒரு மணி நேரம்" என்று குறிப்பில் இருந்தால், அது 26, 27 டிகிரி செல்சியஸ் சூடுள்ள அறைக்கு. 20 டிகிரி அறையில் இரண்டு, இரண்டரை மணி நேரம்கூட ஆகும். மாவை நேரான பக்கங்கள் உள்ள டப்பாவில் போட்டு, மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். அகன்ற கிண்ணத்தில் மாவு உயராமல் பரந்துகொள்ளும். உப்பியிருந்தாலும் உப்பாதது போலவே தெரியும். வளையத்தைத் தாண்டி ஒரு விரல்கூட ஏறவில்லை என்றால்தான் அடுத்த காரணத்துக்குப் போக வேண்டும்.

மாவு குளிர்ந்து கிடக்கிறது. மாவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், ஓவனை அணைத்தபடியே வைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் கொதிநீரும் பக்கத்தில் மாவு டப்பாவும் வைத்துக் கதவை மூடுங்கள். முக்கால் மணி நேரத்தில் அசைவு தெரிய வேண்டும்.

உப்போ சர்க்கரையோ அதிகம். மாவைத் துளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கரித்தால் உப்பை இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள். பேசிக்கொண்டே செய்யும்போது இது நடக்கும். சர்க்கரை 50 கிராமைத் தாண்டினால் ஈஸ்ட் திணறும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை, இரட்டை நேரம் கொடுங்கள். பட்டைத் தூளையும் பச்சைப் பூண்டையும் மாவோடு நிறையப் பிசைந்தாலும் இதே கதைதான். அவற்றை மாவு உப்பிய பிறகு, சுருட்டும்போது உள்ளே தூவுங்கள்.

தண்ணீர் சுட்டுவிட்டது. மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றினால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. 40 டிகிரி போதும். 55, 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் செத்துப்போகும். "வெதுவெதுப்பான" என்ற சொல்லை ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். சந்தேகம் இருந்தால் குளிர்ந்த பக்கமே நில்லுங்கள். ஆறிப்போன தண்ணீர் வேலையைத் தாமதப்படுத்தும். சூடான தண்ணீரோ முதலுக்கே மோசம் செய்துவிடும்.

ஈஸ்ட் பழசு. அரை கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். மேலே தடித்த நுரை படர்ந்தால் ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் அரை உயிர். அப்படியே கிடந்தால் பாக்கெட்டோடு தூக்கிப் போடுங்கள். பிரித்த ஈஸ்ட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜிலோ ஃப்ரீசரிலோதான் வைக்க வேண்டும்.

பிசைந்த மாவை வீணாக்க வேண்டாம். நல்ல ஈஸ்ட் ஒரு தேக்கரண்டியை இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒரு பிடி மாவும் தூவி மறுபடி பிசைந்து வையுங்கள். அதற்கும் நேரமில்லையா? சிறு உருண்டைகளாக்கி மெல்லத் தட்டி, கனமான வாணலியில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் சுட்டெடுங்கள். சூப்போடு தொட்டுச் சாப்பிட அதுவே அருமையாக இருக்கும். எங்கள் வீட்டில் சில நாட்களில் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள்.

### நன்றாக உப்பியது, ஓவனில் அமுங்கிவிட்டது

கிட்டத்தட்ட எப்போதும் காரணம் ஒன்றுதான்: அளவுக்கு மீறி உப்பவிட்டீர்கள். வெயில் காலத்தில் 32 டிகிரி அறையில் முதல் பொங்கல், அதாவது பிசைந்த மாவு டப்பாவில் உப்புவது, 40 நிமிடத்திலேயே முடிந்துவிடும். கடிகாரத்தை நம்பி உட்கார்ந்தால் மாவு பொங்கித் தளர்ந்துவிடும். முகர்ந்தால் சாராய வாடை அடிக்கும்.

விரல் சோதனை செய்யுங்கள். விரலில் உலர்ந்த மாவு தொட்டுக்கொண்டு, பிரெட் டின்னில் இருக்கும் பிசைந்த மாவில் அரை அங்குலம் அழுத்தி எடுங்கள்.

- குழி சட்டென்று நிரம்பினால் இன்னும் பொங்க வேண்டும்.
- மெல்ல எழும்பி லேசான பள்ளம் மிச்சமிருந்தால் அதுதான் பதம், உடனே ஓவனில் வையுங்கள்.
- குழி அப்படியே நின்றாலோ, சுற்றி மாவு தொய்ந்தாலோ பதம் தப்பிவிட்டது. வெளியே எடுத்துக் காற்றை வெளியேற்றி, மறுபடி உருட்டி டின்னில் போடுங்கள். இம்முறை பாதி நேரத்திலேயே உப்பும். சுவை கொஞ்சம் குறையும், பிரெட் நிற்கும்.

வாடை இல்லை, நேரமும் மீறவில்லை, ஆனாலும் மாவு கூழ் மாதிரி பரவுகிறது என்றால் உப்புப் போட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். உப்பு விட்டுப்போன மாவு வேகமாகப் பொங்கும், பிடிப்பு இருக்காது. அதுவும் இல்லையென்றால் தண்ணீர் அதிகம். அடுத்த முறை 20 கிராம் குறையுங்கள்.

ஓவனிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருந்து, ஆறும்போது பக்கங்கள் உள்வாங்கினால் அது வேறு கோளாறு. பிரெட் முழுதாக வேகவில்லை, அல்லது டின்னிலேயே விட்டதால் ஆவி வெளியேற வழியில்லாமல் போயிருக்கிறது. சுட்ட ஐந்து நிமிடத்துக்குள் டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள்.

### பிரெட் கல் மாதிரி கனக்கிறது

மாவு அதிகம் சேர்த்துவிட்டீர்கள். பிசையும்போது கையில் ஒட்டுகிறதே என்று தூவிக்கொண்டே போவதுதான் காரணம். ஒட்டட்டும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு மறுபடி தொடுங்கள், பாதி ஒட்டல் போயிருக்கும். கைக்கு மாவுக்குப் பதில் துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

பிசைந்தது போதாது. நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரியுங்கள். வெளிச்சம் ஊடுருவும் அளவு சவ்வு போல விரிந்தால் சரி. அதற்கு முன்பே கிழிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் பிசையுங்கள். கையால் பிசைந்தால் மொத்தம் 10 முதல் 12 நிமிடம் ஆகும்.

முழுக் கோதுமை மாவு. இதில் ஒரேயடியாக மைதாவின் அளவைப் பின்பற்றினால் செங்கல்தான் கிடைக்கும். தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும். 500 கிராமுக்கு 350 முதல் 375 கிராம் தண்ணீர் வேண்டும். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஈஸ்ட்டும் உப்பும் சேர்த்துப் பிசையுங்கள். முதல் சில தடவை பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்குவது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் பழகிய பிறகு கோதுமையைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

மாவில் வலு இல்லை. மேலே சொன்ன மூன்றும் சரி, ஆனாலும் கனக்கிறது என்றால் பாக்கெட்டின் பின்புறம் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 11 கிராமுக்குக் கீழே என்றால் அந்த மாவு கேக்குக்குத்தான் பொருத்தம். 12 கிராமைத் தொடும் பிரெட் மாவு வாங்குங்கள். செலவு கூடுதல் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

### உள்ளே பிசுபிசுவென்று இருக்கிறது

சூட்டோடு வெட்டிவிட்டீர்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்ற கதை. ஓவனிலிருந்து வந்த பிரெட் உள்ளுக்குள் இன்னும் வெந்துகொண்டுதான் இருக்கிறது. குறைந்தது ஒரு மணி நேரம் கத்தி வைக்காதீர்கள். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள் என்றால், அதே மாவில் இரண்டு சின்ன பன் செய்து கூடவே சுட்டுவிடுங்கள். பன் கால் மணி நேரத்தில் ஆறிவிடும்.

வேகவில்லை. அடியைத் தட்டினால் வெற்றுப் பானை போல் ஒலிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தச் சோதனை பலமுறை கைவிட்டிருக்கிறது. கம்பி வைத்த உணவு வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள். சாதாரண பிரெட்டுக்கு 93 முதல் 98 டிகிரி வேண்டும். பால், வெண்ணெய், முட்டை சேர்த்த மென்மையான பிரெட்டுக்கு 88 முதல் 93 போதும். குறைவாக இருந்தால் டின் இல்லாமல் வெறுந்தட்டில் வைத்து மேலும் பத்து நிமிடம் சுடுங்கள்.

ஓவன் பொய் சொல்கிறது. குமிழில் 200 என்று இருந்தால் உள்ளே 200 இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானியை நடுத்தட்டில் வைத்து, 20 நிமிடம் சூடாக்கிப் பிறகு பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை பாருங்கள். மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து டிகிரி ஊசலாடுவது இயல்பு. மூன்று முறையும் 20 டிகிரி குறைவாகவே காட்டினால் குமிழை அந்த அளவு கூட்டி வைத்துப் பழகிக்கொள்ளலாம். 30 டிகிரிக்கு மேல் தவறினாலோ, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் காட்டினாலோ சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போயிருக்கக்கூடும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

### மேலே கருகுகிறது, உள்ளே பச்சை

டின்னை ஒரு தட்டு கீழே இறக்குங்கள். மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவனில் (ஓ.டி.ஜி.) மேலே சூடேறும் கம்பி பிரெட்டின் தலைக்கு மிக அருகில் இருக்கும். பாதி நேரம் ஆனதும் அலுமினியத் தாளைக் கம்பியில் படாமல் தளர்வாகக் கவிழ்த்து மூடுங்கள். சர்க்கரையும் பாலும் அதிகமுள்ள மாவு சீக்கிரம் சிவக்கும். அதற்கு 200 வேண்டாம், 175 முதல் 180 டிகிரி போதும்.

இதற்கு நேர் எதிராக, வெளுத்துப் போய் வந்தால் ஓவன் போதிய சூடு ஏறும் முன் வைத்திருப்பீர்கள். அல்லது மாவு மிதமிஞ்சிப் புளித்து, சிவக்க வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட்டே தின்றுவிட்டது.

### மேலோடு கடிக்க முடியவில்லை

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது உண்மையான கவலை. என் அம்மாவுக்குப் பல் தளர்ந்த பிறகு நான் முதலில் மாற்றியது இதைத்தான். ஓவனிலிருந்து எடுத்ததும் மேலே வெண்ணெய் தடவி, சுத்தமான பருத்தித் துணியால் பிரெட்டைப் போர்த்திவிடுங்கள். ஆவி மேலோட்டுக்குள்ளேயே தங்கி மென்மையாக்கும். அடுத்த முறை தண்ணீரில் பாதிக்குப் பதில் காய்ச்சி ஆறவைத்த பாலும், 25 கிராம் வெண்ணெயும் சேருங்கள். காய்ச்சாத பால் வேண்டாம், பிரெட்டின் உயரம் குறையும்.

### பக்கம் வெடித்துப் பிளக்கிறது

இரண்டாவது பொங்கலில், அதாவது டின்னில் மாவு உப்பும்போது, அவசரப்பட்டீர்கள். விரல் சோதனை செய்துவிட்டு வையுங்கள். மேலே அரை அங்குல ஆழத்துக்குக் கூரான கத்தியால் ஒரு கீறல் போட்டால் பிரெட் அந்த வழியாகவே விரியும்.

### மறுநாளே காய்ந்துவிட்டது, அல்லது கெட்டுவிட்டது

காய்ந்திருந்தால் முதலில் ஃபிரிட்ஜைச் சந்தேகப்படுங்கள். வெளியே வைப்பதைவிட ஃபிரிட்ஜில் பிரெட் வேகமாக விறைக்கும். இரண்டு நாளில் தீர்ப்பதை வெளியே மூடி வையுங்கள். மிச்சத்தைத் துண்டுபோட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடுங்கள். விறைத்த துண்டுகளைச் சதுரமாக வெட்டி எண்ணெய் தடவி 170 டிகிரியில் மொறுமொறுப்பாகச் சுட்டால் சூப்பில் மிதக்கவிடலாம்.

ஒரே ஒரு புள்ளி பூஞ்சை தெரிந்தாலும் முழுப் பிரெட்டையும் போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வேர் ஓடியிருக்கும்.

வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாட்களில் இன்னொன்று வரும். பிரெட்டின் நடுப்பகுதி கனிந்த முலாம்பழம் போல் மணக்கும், பிட்டால் மெல்லிய நூல் நூலாக இழுபடும். இது ஒருவகை பாக்டீரியாவின் வேலை. அதன் வித்துகள் ஓவன் சூட்டிலும் பிழைத்துக்கொள்ளும். சுவைத்துப் பார்க்கவே வேண்டாம். பிரெட்டை எறிந்துவிட்டு, டின், பலகை, மாவு டப்பா எல்லாவற்றையும் கழுவி வினிகரால் துடையுங்கள். அடுத்தடுத்தும் வந்தால் அந்த மாவு மூட்டையையே மாற்றுங்கள்.

### ஓவன் சூடேறவில்லை, மின்சாரம் அறுந்துபோகிறது

நேரக் குமிழ் பூஜ்ஜியத்தில் இருந்தால் பல ஓவன்கள் சூடாகாது. அதை முதலில் பாருங்கள். பிறகு மேல் கம்பி, கீழ்க் கம்பி தேர்வு செய்யும் குமிழ். பிறகு பிளக். ஓவனை எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாதீர்கள், அதிக மின்சுமை தாங்கும் சுவர் சாக்கெட்டில் மட்டும் மாட்டுங்கள். அதே சாக்கெட்டில் வேறொரு கருவி வேலை செய்து ஓவன் மட்டும் செய்யவில்லை என்றால் கோளாறு ஓவனுக்குள்தான்.

இதற்குமேல் நீங்கள் திறக்க வேண்டாம். போட்டதும் சர்க்கியூட் பிரேக்கர் விழுகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது, ஒயர் கருகிய வாடை வருகிறது: இவற்றில் எது நடந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம்.

## சூப்

### உப்பு அதிகமாகிவிட்டது

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைக் குடிக்குமே தவிர, மிச்சமிருக்கும் சூப்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உண்மையான வழி அளவைக் கூட்டுவதுதான். உப்பில்லாமல் காய்கறி வேகவைத்த தண்ணீரோ, உப்புப் போடாமல் வேகவைத்து அரைத்த காய்கறியோ சேருங்கள். உப்பில்லாமல் தனியாக இன்னும் பாதி அளவு சூப் செய்து கலப்பது இதைவிட நல்லது. மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம்.

லேசாகத்தான் கூடியிருக்கிறது என்றால் சில துளி எலுமிச்சைச் சாறும் ஒரு கரண்டி கிரீமும் நாக்கை ஏமாற்றும். ஆனால் உப்பு உள்ளேதான் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் இந்த ஏமாற்று வேலை வேண்டாம், தண்ணீர் கூட்டுவதே சரி.

அடுத்த முறைக்கு: ஒரு லிட்டர் சூப்புக்கு 8 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி போல, போதும். கடையில் வாங்கிய சூப் கட்டி போட்டிருந்தால் அதிலேயே உப்பு இருக்கிறது. கடைசியில் சுவைத்துப் பார்த்த பிறகே மேற்கொண்டு போடுங்கள். வற்றக் காய்ச்சும் சூப்புக்கும் இதே விதி.

### எவ்வளவு போட்டாலும் சப்பென்று இருக்கிறது

ஒரு கிண்ணத்தில் நாலு கரண்டி சூப் எடுத்து அதில் மட்டும் சோதியுங்கள். முதலில் ஒரு சிட்டிகை உப்பு. தேறவில்லையா, இரண்டு துளி எலுமிச்சை. பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். புளிப்பு இல்லாத சூப்புக்குத்தான் நாம் உப்பாகக் கொட்டிக்கொண்டிருப்போம். இரண்டும் சரியாகவில்லை என்றால் தொடக்கத்தில்தான் தவறு. வெங்காயத்தை நிறம் மாறாமல் எடுத்திருப்பீர்கள். இன்றைய சூப்பைக் காப்பாற்ற, வேறொரு சட்டியில் வெங்காயத்தையும் காளானையும் நன்றாகச் சிவக்க வதக்கி, ஒரு கரண்டி தக்காளி விழுதையும் எண்ணெய் பிரிய வதக்கிச் சேர்த்து, பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

### தண்ணீராக ஓடுகிறது; கெட்டியாக்கப் போனால் கட்டி தட்டுகிறது

நேரம் இருந்தால் மூடியைத் திறந்து வற்றவிடுங்கள். இல்லையென்றால் கால்பங்கு காய்கறியை எடுத்து அரைத்து மறுபடி ஊற்றுங்கள். இவை இரண்டும் சுவையையும் கூட்டும், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

கார்ன்ஃபிளார் மூன்றாவது வழி. ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி, *குளிர்ந்த* தண்ணீரில் கரைத்து, சூப் கொதிக்கும்போது கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் இறுகும். நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் மறுபடி தளர்ந்துவிடும். கட்டி தட்டியிருந்தால் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து எடுங்கள், சூப்புக்கு எந்தக் குறையும் வராது.

### அரைத்த சூப் பசை மாதிரி இழுக்கிறது

உருளைக்கிழங்கை மிக்ஸியில் நெடுநேரம் ஓட்டினால் இப்படி ஆகும். திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. சூடான பாலோ காய்கறி வேகவைத்த தண்ணீரோ விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை கிழங்கை மத்தால் மசித்து, மற்றவற்றை மட்டும் அரையுங்கள். சுடச்சுட மிக்ஸியில் ஊற்றும்போது பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மூடியின் நடுத்துளையைத் திறந்து துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆவி மூடியைத் தூக்கியடித்து முகத்தில் தெறித்த விபத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

### பால் அல்லது கிரீம் திரிந்துவிட்டது

அடுப்பு அனலாக இருந்ததா? சூப்பில் தக்காளியோ எலுமிச்சையோ இருக்கிறதா? இரண்டில் ஒன்றுதான். திரிந்தது கெட்டதல்ல, சாப்பிடலாம். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வடிகட்டினால் மேசைக்குக் கொண்டுபோகும் அளவு தேறும்.

வராமல் தடுக்க, அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியில் சேருங்கள். முதலில் பாலில் இரண்டு கரண்டி சூடான சூப்பைக் கலந்து, பிறகு அந்தப் பாலைச் சட்டியில் ஊற்றுங்கள். தக்காளி சூப்புக்குக் கொழுப்பு குறைந்த பால் ஒத்துவராது. 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள கிரீம் எளிதில் திரியாது. பால்தான் இருக்கிறது என்றால் அதை ஒரு கரண்டி மாவோடு காய்ச்சிக் கெட்டியாக்கிக்கொண்டு, தக்காளியை அதில் ஊற்றுங்கள்.

### அடிப்பிடித்துவிட்டது

கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். அடுப்பை அணைத்து, மேலாக இருப்பதை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றிச் சுவையுங்கள். கருகல் ஏறவில்லையென்றால் அப்படியே தொடரலாம். ஏறியிருந்தால் எதைப் போட்டும் மறையாது, விட்டுவிடுங்கள். அடிக்கடி நடந்தால் சட்டியின் அடி மெல்லியது என்று பொருள். அடிகனமான சட்டி ஒன்று சில வருடங்களில் தன் விலையை மிச்சப்படுத்திவிடும்.

கருகாமலேயே கசந்தால், பூண்டு சிவப்பைத் தாண்டிக் கறுத்திருக்கும்.

### பயறு எவ்வளவு நேரமானாலும் வேகவில்லை

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பயறுக்குச் செல்லாது. ஐந்தாறு எடுத்து நசுக்கிப் பாருங்கள். ஒன்று மசிந்து ஒன்று முறைக்கும்.

1. தக்காளியையோ எலுமிச்சையையோ முன்பே சேர்த்தீர்களா? புளிப்பு இருக்கும்வரை தோல் இளகாது. பயறு முழுதாக வெந்த பிறகே புளிப்பு.
2. ஊறவைத்தீர்களா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்துப் பாருங்கள். தோல் மென்மையாகும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பது பழைய நம்பிக்கை, எனக்கு அப்படி ஆனதில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.
3. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? உங்கள் தண்ணீர் கடினநீர். கடினத்தன்மை நீக்கிய தண்ணீரில் வேகவையுங்கள், அல்லது அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடுங்கள்.
4. பயறு எத்தனை வருடப் பழசு? இரண்டு வருடம் தாண்டியது என்றால் போராட வேண்டாம், புதிது வாங்குங்கள்.

சிவப்பு ராஜ்மா போட்டால் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே சூப்பில் சேர்க்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள நச்சு சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியை உண்டாக்கும். மெல்லச் சூடாக்கும் ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது, அந்தச் சூடு நச்சை அழிக்காது.

குக்கரில் வைப்பவர்கள் பயறு சூப் என்றால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மற்ற சூப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. விசில் வரவில்லையென்றால் அணைத்து, அழுத்தம் முழுக்க இறங்கிய பின் திறந்து, ஆவித்துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைப்பு இல்லை என்றால் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். பாதுகாப்பு வால்வு உருகிப் போயிருந்தால் அதே குக்கருக்கான வால்வையே போட வேண்டும். புது வால்வும் போனால் குக்கரை சர்வீஸுக்குக் கொடுங்கள்.

அடுப்பின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் கேஸ் மெக்கானிக். கேஸ் வாடை அடித்தால் சோதனையே வேண்டாம். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

### மறுநாள் சூப் நுரைத்துப் புளித்திருக்கிறது

கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. சில கிருமிகள் விட்ட நச்சு கொதித்தாலும் போகாது.

பெரிய சட்டியை அடுப்பிலேயே இரவு முழுக்க விட்டதுதான் காரணம். நடுவில் சூடு மணிக்கணக்கில் தங்கும். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளறி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். எடுத்து உண்ணும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் நன்றாகக் கொதிக்கவையுங்கள்.

### சாப்பிட்ட பிறகு உடம்புக்கு ஆகவில்லை

வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும், இரத்தம் கலந்து வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பிரெட் சாப்பிடும்போதெல்லாம் ஒருவருக்கு மட்டும் வயிறு உப்பி வலிக்கிறது, எடை குறைகிறது என்றால் மாவை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாக இருக்கலாம். கோதுமையை நீங்களாகவே நிறுத்திவிட்டுப் பிறகு இரத்தப் பரிசோதனைக்குப் போனால் நோய் தெரியாமல் போகலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள்.

### சூப் ஆறிவிட்டது, பிரெட் இன்னும் ஓவனில்

எனக்கு வரும் ஃபோன்களில் அதிகம் இதற்காகத்தான். பொருளில் குறையில்லை, நேரக் கணக்கில்தான் கோளாறு. உண்ணும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் பிரெட் ஏழு மணிக்கு ஓவனைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும், ஆறு இருபதுக்கு உள்ளே போக வேண்டும், ஐந்தரைக்கு டின்னில் இரண்டாம் முறை பொங்கத் தொடங்கியிருக்க வேண்டும், நாலேகாலுக்கு முதல் பொங்கல், நாலு மணிக்குப் பிசைய ஆரம்பிக்க வேண்டும். பிரெட் ஓவனுக்குள் போன பிறகு சூப்புக்கு வெங்காயம் நறுக்கினால் போதும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நாலு மணி என்பது நடக்காது. முந்தின இரவே ஈஸ்ட்டைப் பாதியாக்கி, குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மாலைவரை அங்கேயே மெல்லப் பொங்கும், சுவையும் கூடும். வீட்டுக்கு வந்ததும் எடுத்து எட்டு பன்னாக உருட்டித் தட்டில் அடுக்குங்கள். குளிர் விட்டு உப்ப ஒன்றேகால் மணி நேரம், சுட இருபது நிமிடம். பன் உப்பிக்கொண்டிருக்கும்போது சூப்பை அடுப்பில் ஏற்றிவிடலாம். தட்டை ஓவனில் வைத்ததும் சின்னவர்களைக் கிண்ணங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.